மாப்பிள்ளையின் கண்ணாடித் தொட்டி

2.2.2009, திங்கள்

காலையில் வீட்டை ஒட்டின என் பனியன் கம்பெனியில், மூன்றாம் நம்பர் நிட்டிங் மெஷினில் ஊசி ஒடிந்து துணியெல்லாம் ஓட்டை. ஃபிட்டர் வர மதியம் ஆனது. அதற்கு நடுவில் வீட்டு வாசலில் ஒரு டெம்போ. மாப்பிள்ளை மாதவன் இறக்கினான் — நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. பெங்களூரில் வேலை போய் டிசம்பரில் பெட்டியோடு அவிநாசிக்கு வந்தவன். அன்றிலிருந்து மாடி ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். எழுந்துவிட்டானே என்று பார்த்தால், மீன் வளர்க்கவாம்.

"வெயிங்க மாப்ளை, ஹாலுலயே நல்லா வெயிங்க" என்றேன். வேறென்ன சொல்வது? ஒரே மகள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவன். அவன் அப்பன் இசக்கிமுத்து தெற்கத்தியிலிருந்து திருப்பூர் வந்து, பவர் டேபிளில் தைத்துத் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தான். அந்தப் படிப்பு இப்போது என் வாசலில் உட்கார்ந்து மணல் கழுவுகிறது.

8.2.2009, ஞாயிறு

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. மணல் இருக்கிறது. நாங்கள் பிடுங்கி வரப்பில் எறிகிற மாதிரிக் கொஞ்சம் புல்பூண்டு இருக்கிறது. மீன் இல்லை.

கேட்டேன். "தண்ணி பழகணும் மாமா. மீன் கழிவைத் தின்கிற கிருமி முதல்ல அதுல வளரணும். அப்பத்தான் மீன் தாங்கும். மூணு நாலு வாரம் ஆகுமுங்க" என்றான்.

"அப்படீங்களா" என்றேன்.

என் ஹாலில் கிருமி வளர்க்கிறான். எங்கள் கிணற்றில் கெண்டை துள்ளியதே, அதற்கு எந்த இஞ்சினியர் வந்து தண்ணீரைப் பழக்கினான்?

1.3.2009, ஞாயிறு

மீன் வந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவு! கொசுவுக்குக் கொஞ்சம் பெரிசு. வயிற்றில் ஒரு நீலக் கோடு, வாலுக்கிட்டச் சிவப்பு. வறுத்தால் ஒரு வாய்க்குக் காணாது. பை பையாகவே தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இறக்கிவிட்டான். போர் தண்ணீர் ஆகாதாம், உப்பாம். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் ஆற வைத்து ஊற்றுகிறான். குளோரின் போகணுமாம். நான் அதை அப்படியேதான் குடிக்கிறேன். எனக்கு யாரும் ஆற வைப்பதில்லை.

16.3.2009, திங்கள்

கரண்ட் கட். என் மெஷின்கள் நின்றுவிட்டன, ஆள்கள் வாசலில் பீடி குடிக்கிறார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையென்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு வேறு கவலை. மீனுக்கு மூச்சு முட்டுகிறதாம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தொட்டியிலிருந்தே மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுகிறான். நூல் மில்காரர் பார்த்துவிட்டு, "மாப்ளை என்ன பண்றாருங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன்.

22.3.2009

சாராயம்! அந்த வார்த்தையைத்தான் எழுத வேண்டும். சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு கூல்டிரிங்ஸ் பாட்டில். உள்ளே சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு நுரை கட்டி நிற்கிறது, புளித்த வாடை மூக்கைத் துளைக்கிறது. மூடியில் ஓட்டை போட்டு ஒரு குழாய். சத்தம் போட்டேவிட்டேன்.

"அய்யோ அப்பா, அது செடிக்குங்க. அதுல வர்ற கேஸைச் செடி மூச்சா இழுத்துக்கும்" என்று அபிராமி விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான். வேலை போனபின் அவன் பல்லை நான் பார்த்தது இன்றைக்குத்தான். செடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி வருவதைக் காட்டினான். எனக்கென்ன, நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன்.

வள்ளியாத்தாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சீரியலை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பெண்டாட்டி என்னை இப்படிப் பார்த்ததில்லை.

11.4.2009, சனி

அவர்கள் இரண்டு பேரும் கோயமுத்தூர் போயிருக்கிறார்கள், இன்டர்வியூவாம். நாளைக்கு நூல் மில்காரர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. அடியில் மக்கிய கசடு. இவ்வளவுதான் இவன் வளர்க்கிற லட்சணம். திருமூர்த்தியைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, மீனைப் பக்கெட்டில் பிடித்துவிட்டு, பூண்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டி, மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். "மாப்ளை வரட்டுமுங்களே" என்றான். "சொன்னதைச் செய்யப்பா" என்றேன். குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பி, மீனைத் திருப்பி விட்டாயிற்று. கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. சுத்தம் என்றால் என்ன என்று வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

12.4.2009, ஞாயிறு

எல்லாம் செத்து மிதக்கிறது.

மில்காரர் வருவதற்குள் அள்ளிப் போடச் சொன்னேன். விருந்து நடந்தது. வள்ளியாத்தாள் பரிமாறினாள், என் இலைக்குக் கடைசியாக வந்தாள்.

சாயந்திரம் வந்தார்கள். அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான் — வாடை. தொட்டிக்கிட்டப் போனான். விரலை நனைத்து மோந்தான்.

"திருமூர்த்தி தெரியாம மருந்தைப் போட்டுட்டானுங்க மாப்ளை" என்றேன்.

திருமூர்த்தி அங்கேதான் நின்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவாயில்லீங்க மாமா" என்று மாடிக்குப் போய்விட்டான் மாப்பிள்ளை.

மீன்தானே! செத்தால் என்ன, ஊர் முழுக்க விக்கிறான். இதுக்கு ஒரு ஆம்பளை கதவைச் சாத்திக்கிறதா?

14.4.2009, சித்திரை ஒன்று

அபிராமி துணிமணியைக் கட்டிவிட்டாள். திருப்பூரில் இசக்கிமுத்து வீட்டுக்கே போகிறார்களாம். லைன் வீடு, ஒற்றை ரூம். பண்டிகையும் அதுவுமா எங்க கண்ணு போறே என்று கேட்டேன்.

"டிசம்பர்லருந்து அவரு என்கூடக்கூட பேசலீங்கப்பா. தூங்கலை. எனக்குப் பயமா இருந்துச்சு, ராத்திரியெல்லாம் கையைப் புடிச்சிட்டே படுத்திருந்தேன். அந்தத் தொட்டி வந்தப்புறந்தான் காலைல எந்திரிச்சாரு. நீங்க திருமூர்த்தியண்ணன் மேல பழி போட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

பெத்த அப்பன்னும் பார்க்கலை. வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டா. போகட்டும். ஒரு ரூம்ல ஒரு வாரம் இருந்து பாக்கட்டும். எனக்கென்ன.

எனக்கென்ன.

23.4.2009

திருமூர்த்தி வேலை சொன்னால் செய்கிறான். முகத்தைப் பார்ப்பதில்லை.

10.5.2009, ஞாயிறு

காலித் தொட்டி ஹாலில் சவப்பெட்டி மாதிரிக் கிடக்கிறது. திருப்பூரில் ஒரு மீன் கடைக்குப் போனேன். பிள்ளைகள் வந்தால் தெரியட்டும், என் கைக்கு மீன் வளர்க்கத் தெரியும் என்று. கடைக்காரன் கழுத்துச் சங்கிலியும் கூலிங்கிளாஸுமாக உட்கார்ந்திருக்கிறான். "தண்ணி பழகணுமாமே?" என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மாங்க, இன்னிக்கே உடலாமுங்க" என்று உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு மீன் இரண்டு பிடித்துக் கொடுத்தான். வாஸ்து மீனாம்.

13.5.2009

இரண்டும் போயிற்று. போன் போட்டால் அந்தக் கூலிங்கிளாஸ் சொல்கிறான்: "உங்க ஊட்டுத் திருஷ்டியை அது வாங்கிட்டுப் போயிருச்சுங்க." பக்கத்தில் இருந்திருந்தால் பல்லைத் தட்டியிருப்பேன். விற்கிறவனுக்கும் தெரியவில்லை, வாங்குகிற எனக்கும்—

14.6.2009, ஞாயிறு

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பக்கெட். எட்டிப் பார்த்தால் உள்ளே மாப்பிள்ளையின் செடி. பச்சென்று இருக்கிறது. அன்றைக்கே குப்பையிலிருந்து பொறுக்கி வைத்தாளாம் வள்ளியாத்தாள். எனக்குத் தெரியாமல், இத்தனை நாளாக. "சொன்னா அதையும் கழுவிப்போடுவீங்க" என்றாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இது.

மணலைத் திரும்பத் திரும்ப அலசினேன். வெயிலில் காய வைத்தேன். புதுப் பஞ்சு வாங்கிப் போட்டேன். ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். வேறு யாரைச் சொன்னாலும் சொதப்பிவிடுவார்கள். இந்த வீட்டில் ஒரு வேலையை நானே செய்தால்தான் உண்டு.

5.7.2009, ஞாயிறு

செடி வைத்தாயிற்று. மீன் விடவில்லை.

"வெறுந்தண்ணியில அப்படி என்னத்தைப் பாக்கறீங்க?" என்கிறாள் வள்ளியாத்தாள்.

முட்டாள்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

19.7.2009

மாப்பிள்ளைக்கு ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலையாம், கம்ப்யூட்டரில் டிசைன். ஊரான் கம்பெனிக்கு! மாமனார் கம்பெனி இங்கே ஒன்று இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கூப்பிட்டேனா? கூப்பிடவில்லை. அது வேறு. வள்ளியாத்தாள்தான் போனில் அழைத்தாள், ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு. வருகிறார்களாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு.

27.7.2009

கம்பெனியில் எல்லோரும் இருக்கும்போது திருமூர்த்தியைக் கூப்பிட்டு, "பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னது நாந்தானப்பா" என்றேன். "தெரியுமுங்க" என்றான். அங்கே நின்ற பயல்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பார்க்கட்டும், தண்டங்கள்.

2.8.2009, ஞாயிறு

வந்தார்கள். அபிராமி நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நான் பேப்பர் படித்தேன். மாப்பிள்ளை தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்து உள்ளே கையை விட்டார்.

"யாருங்க மாமா செடி வெச்சது?"

"உங்க அத்தைதானுங்க."

சமையல்கட்டிலிருந்து வள்ளியாத்தாள், "நானா!" என்றாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அகல இலைச் செடி ஒன்றைப் பக்குவமாக வெளியே எடுத்துக் காட்டினார். அடித்தண்டு கறுத்திருந்தது. "இது மண்ணுல புதைக்கிற செடி இல்லீங்க மாமா, தண்டு அழுகிரும். கல்லுல கட்டி விடணும். பருத்தி நூல் இருக்குங்களா? நைலான் வேண்டாம். பருத்தின்னா வேர் கல்லைப் புடிச்ச பிற்பாடு தானா மக்கிரும்."

பருத்தி நூல் இருக்கிறதா! ஆயுசு முழுக்க நூலில் கிடக்கிறவனைப் பார்த்துக் கேட்கிறார்.

கம்பெனிக்குப் போய், பூட்டைத் திறந்து, நல்ல நூல் கோனாக ஒன்று எடுத்து வந்தேன். ஒற்றை இழை அறுந்துவிடும் என்று மூன்று இழையாகத் திரித்தேன். முடிச்சு அவருக்கு வரவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது. தையற்காரர் பிள்ளைக்கு முடிச்சு வரவில்லை.

"கல்லைப் புடிங்க மாப்ளை" என்றேன்.

கல்லை அவர் பிடித்துக்கொண்டார். முடிச்சை நான் போட்டேன்.