கறுப்புத் தாள் மறைத்த ஓரம்

11-7, திங்கள்

ஆடி பிறக்கும் முன்பே காற்று. சன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் மேஜை முழுக்கப் புழுதி. மழை குற்றாலத்தோடு நின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஒரு வருஷம் இருந்தாயிற்று. இந்த டைரிக்காவது சொல்கிறேன்.

போன வியாழன் கிராமத்து முகாம். எங்கள் நர்ஸ் பள்ளி இரண்டாம் வருஷப் பெண்கள் முதல்முறையாக வெளியே போய் ஊசி போட்டார்கள். முப்பிடாதி என்ற பெண் காய்ச்சல்காரப் பையன் ஒருவனுக்கு இடுப்பின் வலது பக்கம் போட்டாள். இரண்டரை வயது. மறுநாளிலிருந்து அவனுக்கு வலது பாதம் தூக்க வரவில்லை. விரல்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடக்கிறானாம். நரம்பில் பட்டிருக்கிறது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

செக்ரட்டரி இன்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குக் கவனம் கிடையாது. கழிச்சு விட்டுருவோம். பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு வரப்பிடாது." அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை. திருநெல்வேலியிலிருந்து டாக்டரம்மா வருகிறார்.

பக்கத்தில் ஞானதாஸ், தலையை ஆட்டியபடி. செக்ரட்டரியின் அக்காள் மகன். மெட்ராஸில் ஆறு மாதம் படிப்பு. திரும்பும்போது ஒரு ஸ்லைடு மெஷினும் டேப் ரிக்கார்டரும். போன ஜூனிலிருந்து செய்முறைப் பாடம் முழுவதும் அவனுக்கு. சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, படம் காட்டி, டேப்பை ஓடவிட்டு, வெளியே போய் சிகரெட் குடிப்பான். பெயர் 'நவீன போதனை முறை'.

பதினேழு வருஷம் அந்தப் பாடம் நடத்திய எனக்கு முதலாம் ஆண்டு எலும்புக்கூடு மட்டும். அவன் பாடத்துக்கு என்னை அழைக்கவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

டார்ச் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

12-7, செவ்வாய்

காற்று அப்படியே. இரவு வயிறு சரியில்லை, மோர் மட்டும்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது:

"ஊசி போட்டவ சின்னப் பிள்ளையாம்."

"சின்னப் பிள்ளை கையில ஏன் ஊசியக் குடுக்கணுங்கேன்?"

சாயங்காலம் முப்பிடாதியின் அப்பா வீட்டுக்கு வந்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம், ஆடு மேய்ப்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, எம்மவ கையில தப்புன்னா இப்பமே கூட்டிட்டுப் போயிருதேன். ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. தப்பு இல்லைன்னா, இல்லைன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே சொன்னார்:

"அவ சொல்லுதா, சொல்லிக்குடுத்த எடத்துலதான் போட்டேன்னு. எனக்கு அதெல்லாம் விளங்காது. நீங்க பெரிய படிப்பு படிச்சவிய. ஒருக்க கேட்டுப் பாருங்க."

போகும்போது தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். கோபம் என்னிடம் இல்லை போலத்தான் இருந்தது. யாரிடம் என்று அவருக்கும் தெரியவில்லை.

13-7, புதன்

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. தெருவெல்லாம் வளையல் கடைக்குப் பந்தல் போடுகிறார்கள்.

ஸ்டோர் ரூமைத் திறந்து பேச்சியை வெளியே எடுத்தேன்.

பேச்சி என்பது பெண்கள் வைத்த பெயர். என் செய்கை. சாக்கில் தறிக் கழிவுப் பஞ்சை அடைத்து, குப்புறப் படுத்த ஆளின் இடுப்பாகத் தைத்தது. உள்ளே எலும்புக்குப் பதில் கட்டை. பெரிய நரம்பு போகும் வழியில் செப்புக் கம்பி வலை. ஊசியின் கழுத்தில் ஒரு ஒயர், இரண்டு பேட்டரி, தலைமாட்டில் ஒரு டார்ச் பல்பு. ஊசி தப்பான இடத்தில் இறங்கினால் கம்பியில் பட்டு பல்பு எரியும். முதலில் நான் பேசாமல் செய்து காட்டுவேன். அடுத்து சொல்லிக்கொண்டே செய்வேன். மூன்றாவது தடவை அவர்கள் சொல்ல நான் செய்வேன். பிறகுதான் ஊசி அவர்கள் கைக்குப் போகும். பல்பு எரிந்தவள் எல்லார் முன்னாலும் பேச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

ஞானதாஸ் வந்த முதல் வாரமே சொன்னான்: "சார், பாக்க அசிங்கமா இருக்கு. இன்ஸ்பெக்ஷன்ல பாத்தா சிரிப்பாங்க." பேச்சி ஸ்டோருக்குப் போயிற்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் முப்பிடாதி, கூட இரண்டு பெண்கள்.

"ஏட்டி, சீனியர் அக்காமாரு சொன்ன பேச்சியக்கா செத்துட்டான்னுல்லா நெனச்சேன்."

"எலி கொறிச்சிருக்குட்டி. பாவம்."

பேட்டரி மாற்றினேன். வலது பக்கம் போடு என்றேன். முப்பிடாதி விரலால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்து நாலு கட்டமாக்கினாள். நல்ல கை. இடது மேல் கட்டத்தில் இறக்கினாள்.

பல்பு எரிந்தது.

மற்ற இருவரையும் தனித்தனியாக. வலது பக்கம், இடது மேல் கட்டம். எரிந்தது. எரிந்தது.

"யாரு இங்க குத்தச் சொன்னது?"

"படத்துல அப்படித்தான் சார் இருக்கு. இடது மேல் கட்டம்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்."

"டேப்ல என்ன சொல்லுது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முப்பிடாதிதான் சொன்னாள்: "பக்கத்துல தறி ஓடுது சார். டேப்பு காதுல விழாது. படத்தத்தான் பாப்போம்."

வலது பக்கத்தில் இடது மேல் கட்டம் என்றால் உள்பக்கம். நரம்பு இருக்கிற பக்கம். இடது பக்கத்தில் அதே கட்டம் வெளிப்பக்கம், அங்கே போட்டால் தப்பில்லை. முகாமில் மற்றப் பிள்ளைகளுக்கு இடது பக்கம் போட்டதால்தான் தப்பித்தார்கள்.

முப்பிடாதி பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பையன் நடந்துருவானா சார்?"

14-7, வியாழன்

பாதி நாள் கரண்ட் இல்லை. மூன்று மணிக்கு வந்தது.

இருட்டறைக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்தில் முதல்முறை. ஞானதாஸ் மெஷினைப் போட்டுவிட்டு வெளியே போனான். தறிச் சத்தத்துக்கு நடுவே காதை நீட்டிக் கேட்டேன். டேப்பில் அவன் குரல். வாக்கியங்கள் என்னுடையவை. ஒரு காற்புள்ளி மாறவில்லை. "நோயாளியிடம் முதலில் பேசுங்கள், பிறகு தொடுங்கள்." நான் எழுதி வகுப்பில் கொடுத்த நோட்ஸ்.

ஊசி ஸ்லைடு வந்தது. டேப் 'வெளிப்பக்கத்து மேல் கட்டம்' என்று சரியாகத்தான் சொன்னது. படம், என் சார்ட்டைப் போட்டோ எடுத்தது. வலது பக்கத்தைப் பெரிதாக வரைந்து, நாலு கட்டம், வலது மேல் கட்டத்தில் சிவப்புப் புள்ளி. என் கை எனக்குத் தெரியாதா. திரையில் புள்ளி இடது பக்கம்.

ஸ்லைடு திரும்பியிருக்கிறது. முன்பக்கம் பின்பக்கமாக மெஷினில் சொருகியிருக்கிறான். எது முன்பக்கம் என்று தெரிய ஓரத்தில் அவன் ஒட்டிய அடையாளப் பொட்டே தப்பான பக்கத்தில் இருக்கிறது. ஒரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

எல்லாரும் போனபின் அதை உருவி எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு ஓரத்தில் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறான்.

ஒரு ஓரத்தில், இரு பக்கத்துக்கும் நடுவே உள்ள பிளவுக் கோடு. பெண் பிள்ளைகளுக்கு ஆபாசம் என்று செக்ரட்டரி மறைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோடு தெரிந்திருந்தால் எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று பார்த்ததும் விளங்கியிருக்கும். இப்போது வெறும் தோலும் நாலு கட்டமும்தான்.

மற்ற ஓரத்தில், கீழே என் பெயர். தமிழில், கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தேன். அது மட்டும் இருந்திருந்தால் முதல் நாளே இடம் வலம் மாறிய எழுத்தாகத் திரையில் விழுந்திருக்கும். முதல் பெஞ்சுப் பெண் சிரித்திருப்பாள். ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பையன் ஓடிக்கொண்டிருப்பான்.

என் பெயர் போயிற்றே என்றுதான் ஒரு வருஷமாக உள்ளுக்குள் புழுங்கினேன்.

ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனி அது அந்த மெஷினுக்குள் போகாது.

15-7, வெள்ளி

செக்ரட்டரி வீட்டில். அவர் காப்பி குடித்தார், எனக்கு இல்லை. சொன்னேன், வரைந்தும் காட்டினேன். ஸ்லைடு என்னிடம் இருப்பதைச் சொல்லவில்லை.

"வே, இன்னும் அந்தச் சாக்கு மூட்டையக் கட்டிக்கிட்டு அழுதீராக்கும்?"

"பிள்ளைக்குக் கால் போயிருக்கு."

"போட்டவ கை போட்டுது. மெஷினா போட்டுது? எம் மருமவன் வந்த நாள்லேருந்து உமக்கு வயித்தெரிச்சல். ஊருக்கே தெரியும். டாக்டரம்மாகிட்ட நீரு வாயத் தொறந்தீருன்னா முதல்ல அதத்தான் சொல்லுவேன்."

ஞானதாஸ் உள்ளேயிருந்து வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "ஸ்லைடு ஒண்ணு காணோம் மாமா," என்றான். என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கும் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

செக்ரட்டரி சொன்னது பொய் இல்லை. வயிற்றெரிச்சல் இருந்தது. இருக்கிறது. நான் எழுந்து பேசினால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மதியம் ஹாஸ்டல் வாசலில் முப்பிடாதியின் டிரங்குப் பெட்டி. விசாரணை வரை வீட்டில் இருக்கட்டும் என்று உத்தரவு. அப்பா பெட்டியைத் தலையில் வைத்தார்.

"சார், புதன்கிழமை நீங்க வருவியளா?" என்றாள்.

"என்னைக் கூப்பிடல," என்றேன்.

தலையை ஆட்டினாள். இந்த ஆள் இவ்வளவுதான் என்று அவள் முடிவு செய்தது தெரிந்தது. பஸ் கிளம்பிய புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து பேச்சியை வராந்தாவில் போட்டேன். தபசு முகாமுக்கு இதே வகுப்புதான் போகிறது. ஒவ்வொருத்தியும் பல்பு எரியாமல் போடும்வரை விடவில்லை. கட்டத்தை மற, இடுப்பெலும்பைத் தொட்டு இடம் பார் என்றேன். இன்று யாரும் சிரிக்கவில்லை. ஞானதாஸ் தூண் ஓரத்தில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை.

16-7, சனி

காற்று குறைவு. சவரம். வெட்டுக்காயம்.

வாங்க: பழுப்பு உறை பெரியது, பசை, தபால் தலை, பேட்டரி.

டாக்டரம்மாவுக்கு அரைப் பக்கம் எழுதினேன். ஸ்லைடை எந்தப் பக்கமாகப் பார்க்க வேண்டும், டேப் என்ன சொல்கிறது, பெண்கள் எதைப் பார்த்தார்கள், விசாரணையில் எல்லாப் பெண்களையும் கேட்க வேண்டும், முப்பிடாதியை மட்டும் அல்ல. பேச்சி வராந்தாவில் இருக்கிறாள் என்றும். யாரையும் திட்டவில்லை. முதலில் எழுதியதில் திட்டியிருந்தேன், கிழித்துப் போட்டேன்.

ஸ்லைடோடு அசல் சார்ட்டும் போக வேண்டும். அப்போதுதான் எது திரும்பியது என்று விளங்கும். பரணிலிருந்து எடுத்து விரித்தேன். கீழே ஓரத்தில் என் பெயர், அன்றைய கறுப்பு மையில், இன்னும் மங்காமல்.

அதைப் பார்த்தால் செக்ரட்டரிக்குப் பேச்சு கிடைத்துவிடும். விசாரணை என் வயிற்றெரிச்சலைப் பற்றியதாகிவிடும். பையன் காலும் அந்தப் பெண்ணும் பின்னால் போய்விடுவார்கள். யார் அனுப்பியது என்று எல்லாருக்கும் தெரியத்தான் போகிறது. ஆனால் தாளில் இல்லாத பெயரோடு சண்டை போட முடியாது. படத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

மனைவியின் தையல் கத்தரியை எடுத்து அந்த ஓரத்தை நானே வெட்டினேன்.

மதியத் தபாலில் சேர்க்கிறேன். கையெழுத்து இல்லை.