சனிக்கிழமை கொடுக்காத பெயர்

வெள்ளையடிப்பதற்காகச் சபை அலமாரியை நகர்த்தியபோது பழைய நோட்டு ஒன்று விழுந்தது. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் பெற விரும்புகிறவர்கள் முதல்நாள் சனிக்கிழமையே போதகரிடம் பெயர் கொடுப்பது நம் வழக்கமல்லவா, அந்த நோட்டு. மாதம் தவறாமல் உன் பெயர், கீழே என் பெயர். ஒரு பக்கத்திலிருந்து என் பெயர் மட்டும். முன்பக்கங்களின் ஓரங்களைத் தின்ற கரையான் அங்கே நிறுத்திவிட்டிருந்தது. அதற்கும் ருசிபேதம் உண்டு போலும்.

சத்தியவேடு பக்கம் யாருக்கு என்று ஆந்திராவும் சென்னை ராஜ்யமும் இழுத்துக்கொண்டிருந்த காலம். ஊர் சென்னையோடுதான் இருக்க வேண்டும் என்று மனு எழுதும் கூட்டத்தில் நான் இருந்தேன். எல்லை விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் உன்னைத் தேடி வயலுக்கு வந்தேன்.

"தெலுங்கு பேசறவங்க நம்மூர்ல ஒருத்தரும் இல்லன்னு சொல்லிடு, போதும்."

"ஞாயித்துக்கெழம ரத்தினம் எம் பக்கத்துல குந்திக்கினு தெலுங்குல பாடறானே, அது யாருடா, பேயா?"

"ஒரு பொய்தானே. கர்த்தர் கோச்சிக்க மாட்டாரு."

"அப்ப நீயே சொல்லேன்."

"எம் பேச்ச எவன்டா நம்புவான்?"

நான் சொன்ன உண்மைகளில் முக்கியமானது அதுதான். நீ பொய் சொல்லாதவன் என்பது தாலுகா ஆபீஸ் வரை தெரியும். "உனக்காவ சொல்றேன்" என்றாய். சொன்னாய்.

அந்த ஞாயிறு ரத்தினம் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, "அன்னா, மேமு லேமா?" என்றான். நாங்கள் இல்லையா என்று. கோபமில்லாமல்தான் கேட்டான். அடுத்த சனிக்கிழமை நீ பெயர் கொடுக்கவில்லை. சில மாதங்களில் ஆராதனைக்கும் வரவில்லை. ஊர் ஆந்திராவுக்கே போயிற்று. நான் பெயர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்பம் ஒருநாளும் தொண்டையில் சிக்கவில்லை.

வெகுகாலம் கழித்துத் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன்.

"இன்னிக்கி சனிக்கெழமயாச்சே. பேரு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். உன் பேரயும் குடுக்கட்டா?"

"இப்ப நான் வேண்டிக்கினா, யார் கிட்ட பேசறேன்னே தெரியலடா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நேற்று சனிக்கிழமை. போதகர் புது நோட்டைத் திறந்து, "உங்க பேர எழுதிக்கட்டுமா?" என்றார். முதல்முறையாக, "வேணாம் ஐயரே" என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவரும் நம்பிவிட்டார்.