டாக்டரம்மாவைச் சந்தேகித்த ஒரே ஆள்

ஆகஸ்ட் 2, 2025, சனி

காலையில் ஆபீஸ் போனதும் முதல் வேலையாகப் போனைத் திறந்தேன். வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பதினாறு செய்திகள். நேற்று ‘நீர்மட்டம்’ சீரியலின் நான்காம் பாகம் முடிந்ததிலிருந்து யாரும் தூங்கவில்லை போலிருக்கிறது. நாங்கள் முப்பத்து நான்கு பேர், மலேசியாவில் ஆளுக்கொரு ஊர். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் மூவார் படகுத்துறையில் செத்துக் கிடந்த பெர்னிச்சர் பட்டறை முதலாளியைக் கொன்றது யார் என்பதில் எல்லாருக்கும் ஒரே கவலை.

மூவாரில் டீச்சராக இருக்கும் ஷஹீரா, செத்தவரின் தம்பிதான் என்கிறாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜீவன், எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் ஒரு புது ஆளைப் பிடிக்கிறான். இதுவரை ஐந்து பேர். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. முற்றட்டும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. “டாக்டரம்மாதான் கொன்னது, மலர். எழுதி வச்சுக்க.”

சீரியலிலேயே நல்லவள் அந்த டாக்டரம்மா ஒருத்திதான். ஏழைகளிடம் காசு வாங்காதவள். “ஏங்க அவங்க?” என்றேன்.

“இன்ஸ்பெக்டருக்கு யாரோ மிரட்டி போன் பண்றான்ல, குரல மாத்தி? அதுக்குப் பின்னால மெர்பொக் புறா கூவுது. டாக்டரம்மா கிளினிக் வாசல்ல கூண்டு இருக்கு. ரெண்டாவது பாகத்துல அதே மெர்பொக்தான் கூவுச்சு.”

எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. குழுவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இவர் குரல் செய்தியாக அனுப்பியதற்கு ஜீவன் புறா படம் ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

இவர் கண்ணைப் பற்றி டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. “இதுக்கு மேல கெடாம பாத்துக்கலாம்,” அவ்வளவுதான்.

சர்க்கரை கூடும் இந்த இனிப்பு நீர் வியாதி கண்ணுக்கு ஏறும் என்று யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு வருஷம் எங்கள் குளுவாங்கிலிருந்து சிங்கப்பூர் பேக்டரிகளுக்குப் பஸ்ஸில் ஆள் ஏற்றிப்போன மனுஷன். மார்ச்சில் லைசென்சைப் புதுப்பிக்க முடியவில்லை. அன்றிலிருந்து வீடுதான். பஸ் டிரைவர்கள் டீ குடிக்கக் கூடும் மாமாக் கடைக்குக்கூடப் போவதில்லை. போய்ப் பேசிவிட்டு வாங்களேன் என்றால், “போயி என்ன பேசுறது? அவனுங்க ரோட்டப் பத்திப் பேசுவானுங்க,” என்கிறார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து தினமும் பத்துப் பேருக்கு லைசென்ஸ் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

‘நீர்மட்டம்’ வரும் வெள்ளிக்கிழமை மட்டும் எட்டு மணிக்கே குளித்து, சட்டை மாற்றி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆறாம் பாகமும் முடிந்தது. இனிப் பொறுக்க முடியாது. மத்தியானம் சமையலை முடித்துவிட்டு, ஒரே மூச்சில் குழுவில் எழுதினேன். கொலையாளி இன்ஸ்பெக்டரின் வலதுகையான சார்ஜன் வீரமுத்து.

முதல் பாகத்தில் செத்தவர் வீட்டுச் சமையலறை இருட்டு. எல்லாரும் சுவரைத் தடவுகிறார்கள். சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால். வீரமுத்து மட்டும் நேராகப் போய்ப் போடுகிறார். மூன்றாம் பாகத்தில் விதவை எல்லாருக்கும் பால் காப்பி கொண்டுவருகிறாள், வீரமுத்துவுக்கு மட்டும் கேட்காமலே சீனி போடாத கடுங்காப்பி. நேற்று முன்தினம், செத்தவரின் தம்பியுடைய லோரி கொலை நடந்த அன்றைக்குப் பின்சந்தில் நின்றது என்கிறார். அதை அவரிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

செத்தவர் பட்டறையில் கள்ள மரம் இறக்கினார், வீரமுத்து அதற்குத் துணை, பங்கில் சண்டை, கடைசிக் காட்சி அதே படகுத்துறையில், இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே அவருக்கு விலங்கு போடுவாள். இவ்வளவும் எழுதினேன்.

பிறகு ஷஹீரா, “அலமாக், மலர் அக்கா. நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்,” என்று போட்டாள்.

இவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா மெர்பொக்?”

ஆகஸ்ட் 20, புதன்

யாரோ என் செய்தியை அப்படியே எடுத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள், என் பெயரோடு. அறுநூறு பேர் பகிர்ந்திருக்கிறார்களாம். டிரைவிங் ஸ்கூலில் பாடம் படிக்க வந்த பெண் ஒருத்தி, “ஆன்ட்டி, அது நீங்களா?” என்று கேட்டாள். பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று ஏழாம் பாகம். பார்க்கவில்லை.

ஆறு மணிக்குத் தனலெட்சுமி அக்கா ஜொகூர் பாருவிலிருந்து போன் பண்ணினாள். எடுத்ததும் அழுகை. அவள் மகன் ரூபேந்திரன் ‘நீர்மட்டம்’ எடுக்கிற கம்பெனியில்தான் சவுண்ட் அசிஸ்டன்ட். குழுவில் எல்லாருக்கும் அது தெரியும், நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதியதும் அவர்கள் கதையும் ஒன்றாம். படகுத்துறை, விலங்கு வரைக்கும். கதையை வெளியே சொன்னது ரூபேந்திரன்தான் என்று வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்திவிட்டார்கள்.

“ஏன்டி, ஒனக்கு வெளையாட்டுக்கு என் புள்ள பொழப்புதான் கெடச்சுதா?”

“அக்கா, அவன் ஒரு வார்த்தைகூட சொல்லல. நானாத்தான் கண்டுபுடிச்சேன்.”

“யாருடி நம்புவா?” வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

ஏன் எழுதினேன்? பேசாம இருந்திருக்கலாம்ல. எனக்கு எதுக்கு இந்த வீம்பு? அந்தப் பையன் மூணு வருஷம் கல்யாண வீட்டுல மைக் கட்டி, கேபிள் சுருட்டி, இப்பத்தான் ஒரு இடத்துல நின்னான். போன வருஷம் தீபாவளிக்கு வந்தப்பகூட, “சின்னம்மா, கதை மட்டும் கேக்காதீங்க, சைன் பண்ணியிருக்கேன்,” என்று காதைப் பொத்திக்கொண்டான். நானும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

ரூபேந்திரனுக்குப் போன் பண்ணினால் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு ஜொகூர் பாரு போய் வந்தேன். அக்காவைப் பார்க்கப் போவதாக இவரிடம் சொன்னேன். பாதி உண்மை.

நேரே கம்பெனிக்குப் போனேன். பழைய கடைவீட்டின் மாடி. தயாரிப்பாளர் மேடம் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் கதாசிரியர் கமலநாதன், நாற்பது வயதிருக்கும், தாடி. அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நான் கண்டுபுடிச்சது எப்படின்னு ஒண்ணொண்ணா சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் அந்தப் பையன என்ன வேணாலும் பண்ணுங்க,” என்றேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுவிட்ச், காப்பி, லோரி. எந்தப் பாகம், யார் எங்கே நின்றார்கள், எல்லாம் சொன்னேன்.

கமலநாதன் தாடியைத் தடவினார். “காப்பியும் லோரியும் நான் வச்சது. சுவிட்ச்சு நான் எழுதவே இல்லையே.”

மேடம் யோசித்தார். “அந்த நடிகர் நாலு தடவ ஒத்திகை பாத்தாரு. சுவிட்ச் எங்கன்னு கை பழகிருச்சு.”

“அப்ப எங்க தப்ப வச்சுத்தான் அக்கா எங்களப் புடிச்சிருக்காங்க,” என்று கமலநாதன் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் காப்பி சொன்னார். ரூபேந்திரன் சொல்லியிருந்தால் சுவிட்ச் விஷயம் எனக்கு வந்திருக்காது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். நாளைக்கே அவனை வரச் சொல்வதாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிளம்பும்போது கமலநாதன் கேட்டார். “ரெண்டு வருஷம் எழுதினேன்கா. இப்ப ஊருக்கே முடிவு தெரியும். சும்மா கேக்குறேன், உங்க குழுவுல யாருமே சந்தேகப்படாத ஆளு யாரு?”

“டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அவங்கன்னு சொல்றாரு. எல்லாரும் கேலி பண்றாங்க.”

“ஏன் அப்படிச் சொல்றாரு?”

“அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். கேட்டுக்கிட்டுதான் பாப்பாரு. மிரட்டல் போனுக்குப் பின்னால மெர்பொக் கூவுதாம். டாக்டரம்மா கிளினிக் மெர்பொக்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் நான்காம் பாகத்தைப் போட்டுக் காதில் மாட்டிக் கேட்டார்கள். பிறகு என் காதிலும் மாட்டினார்கள். அந்தக் கரகரப்புக் குரலுக்கு அடியில், தூரத்தில், குறுக் குறுக் குறுக். இவர் பொய் சொல்லவில்லை.

மிரட்டல் காட்சியை எடுத்தது கிளினிக்காகக் காட்டிய அதே வீட்டின் மாடியிலாம். கீழே இருந்த கூண்டை யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்தச் சத்தத்தை வெட்டாமல் விட்டது யார் என்று மேடம் கேட்டார். யார், ரூபேந்திரன்தான்.

கமலநாதன் மட்டும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு தடவை. பிறகு, “மேடம், கடைசி ரெண்டு பாகம் இன்னும் எடுக்கல, இல்ல?” என்றார்.

என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே பேசியது எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது. “வீட்டுக்காரர்கிட்டயும்,” என்றார் மேடம். போட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உங்கள் காது சரிதான் என்று நான் இவரிடம் சொல்லக்கூட முடியாது.

இந்த நோட்டில் எழுதலாம். இவரால் என் எழுத்தைப் படிக்க முடியாது. இதை எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரூபேந்திரன் போன் பண்ணினான். வேலைக்குப் போய்விட்டான்.

“சின்னம்மா, என்னைக் காப்பாத்தினீங்க, சரி. அந்தப் புறாவ ஏன் காட்டிக் குடுத்தீங்க? சவுண்ட் மாஸ்டர் காது கிழியத் திட்டினாரு.”

“முடிவ மாத்தப் போறாங்களாய்யா?”

“அலோ? அலோ? லைன் சரியில்ல,” என்று வைத்துவிட்டான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா சாயந்திரம் மீன் வறுவல் பக்குவம் கேட்டுச் செய்தி போட்டாள். அவளுக்குத் தெரியாத மீன் வறுவலா? சமாதானம்தான்.

செப்டம்பர் 13, சனி

குழுவில் இப்போது எல்லாரும் என் பக்கம். பத்தாம் பாகத்தில் வீரமுத்து பொய் சொல்லி மாட்டிக்கொண்டார். ஷஹீரா தம்பியைக் கைவிட்டாள். ஜீவன் தன் ஒன்பது பேரையும் விட்டுவிட்டான்.

டாக்டரம்மாவுக்கு இன்னும் ஒரே ஓட்டு. இன்று ஜீவன், “அண்ணே, புறாவுக்கு ஜாமீன் கெடச்சுதா?” என்று போட்டான். அதற்கு இருபது பேர் சிரித்திருந்தார்கள். நான் வாசித்துச் சொல்லவில்லை. ஆனால் அவன் குரல் செய்தியாகவும் அனுப்பியிருந்தான். இவர் கேட்டுவிட்டார்.

தண்ணீர் குடித்தார். பிறகு, “என்னைய அந்தக் குழுவுலேருந்து எடுத்துடு மலர்,” என்றார்.

“அவன் சின்னப் பையன், வெளையாட்டுக்குச் சொல்றான்.”

“அதில்ல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கண்ணு போச்சு. காதும் போகுதோ என்னவோ.”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது, ரூபேந்திரன் நினைவுக்கு வந்தான். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன், கழுவினதையே மறுபடியும்.

அவரைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

பன்னிரண்டாம் பாகம். வீரமுத்து கைது. ஷஹீரா எனக்குப் பூங்கொத்து படம் அனுப்பினாள். முடிவை மாற்றவில்லை போலிருக்கிறது. நான்தான் என்னென்னவோ கற்பனை பண்ணிக்கொண்டேன்.

ஜெயித்துவிட்டேன். கொஞ்சங்கூடச் சந்தோஷமில்லை.

அக்டோபர் 4, சனி

நேற்று கடைசிப் பாகம். இவர் வரமாட்டேன் என்று அறையில் படுத்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன்.

முதல் அரை மணி நேரம் வீரமுத்துவின் வாக்குமூலம். ஆமாம், கள்ள மரத்துக்குத் துணை போனேன், சந்தில் லோரியைப் பார்த்தேன். ஆனால் நான் போனபோது அவர் ஏற்கனவே செத்துக் கிடந்தார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஆபீசில் தனியாக உட்கார்ந்து மிரட்டல் போனை மறுபடி ஓட விடுகிறாள். பாதியில் நிமிர்கிறாள். சத்தத்தைக் கூட்டுகிறாள்.

குறுக் குறுக் குறுக்.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னும் வலிக்கிறது.

அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டர் கிளினிக் வாசலில் நிற்கிறாள். கூண்டைப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து டாக்டரம்மா சிரித்தபடி, “வாங்க, உடம்புக்கு என்ன?” என்கிறாள். வருஷக்கணக்காக அந்த முதலாளிதான் கிளினிக்குக்குப் பணம் கொடுத்து வந்தாராம், பதிலுக்குப் பட்டறையில் அடிபட்டுச் சாகிறவர்களுக்கு அவள் பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கடைசியாக ஒருவனுக்கு எழுத மாட்டேன் என்றபோது சண்டை. எனக்கு முழுக்க நினைவில்லை. நான் திரையைப் பார்க்கவே இல்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் துள்ளவில்லை. கத்தவில்லை. முடிந்ததும் மெதுவாக, “அந்த எடத்த இன்னொரு தடவ போடு,” என்றார். போட்டேன். “நாலாவது பாகத்துல இதவிட சன்னமா இருந்துச்சு,” என்றார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜீவன் குரல் செய்தி: “அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. நான் இனிமே புறாவப் பாத்தாலே கும்பிடுவேன்.” ஷஹீரா: “மலர் அக்கா, வீட்டுலயே இவ்ளோ பெரிய ஆள வச்சுக்கிட்டு சார்ஜன் சார்ஜன்னு சொன்னீங்களே லா.”

“என்னைய எடுத்துட்டேன்னு சொன்ன?” என்றார் இவர்.

“மறந்துட்டேங்க.”

அடுத்த ஒரு மணி நேரம் வரிசையாக எல்லாருக்கும் குரல் செய்தி அனுப்பினார். ஒவ்வொன்றும் “நான் அப்பவே சொன்னேன்” என்றுதான் ஆரம்பித்தது. நான் தோற்றுப் போனதைக் குழுவே கொண்டாடியது. நானும் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்றைப் போட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஒரு வாரமாகத் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது. “நீ கெட்டிக்காரிதான் மலர். ஆனா அவசரப்பட்டுட்ட.” ஆமாங்க, அவசரப்பட்டுட்டேன்.

காலையில் அவராகவே நீலச் சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார். எங்கே என்று கேட்டேன்.

“மாமாக் கடைக்கு. பழைய பசங்கள்ல வேலுவும் இந்த நாடகம் பாக்குறானாம். சார்ஜன்தான்னு இன்னும் சாதிக்கிறானாம். வெளக்கிச் சொல்லிட்டு வரேன்.”

துணைக்கு வரவா என்றதற்கு, நேர் ரோடுதானே என்றார். பத்து மணிக்குப் போனவர். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். இப்போது ஒன்றே முக்கால். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

பேசட்டும். நான் போன் பண்ணவில்லை.