கதை கேட்காத கல்லூரி

டிசம்பர் 3

அன்புள்ள அராசெலிக்கு,

அன்புள்ள என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பேனாவால் எழுதிவிட்டேன், இருக்கட்டும். நீ நலமாக இருப்பாய். கடற்காற்று உனக்கு ஒத்துக்கொண்டது என்றும், முகத்தில் சதை போட்டிருக்கிறாய் என்றும் உன் அம்மா சொன்னார்.

குறுஞ்செய்தியாக அனுப்பினால் முதல் வரியைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். இதைக் கவிழ்த்தாலும் பின்பக்கம் எழுத்து இருக்கும்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பழம் கட்டும் ஷெட்டில் இப்போது கடைசி மாதுளை ஓடுகிறது. சாறு பட்டு அவர் விரல்கள் கறுத்துக் கிடக்கின்றன. பனிமூட்டம் இந்த வருடம் சீக்கிரமே பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. காலையில் கல்லூரிக்குப் போகும்போது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் கடைசியில், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு வைக்க என் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஃப்ரீசனிடம் போனேன். நமக்கு நாலு பருவத்துக்கும் பாடத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. எந்தப் பாடத்தை இங்கே முடித்தால் பல்கலைக்கழகத்தில் செல்லும், எது செல்லாது என்று நீயும் நானும் அட்டவணை எழுதி என் அறைக் கதவில் ஒட்டினோம். இங்கே இரண்டு வருடம், அங்கே இரண்டு வருடம், ஒரே அறை, ஜன்னலில் கடல் தெரிய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஆள் சேரவில்லை என்று மாலை நேரக் கால்குலஸ் வகுப்பை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பகலில் வேலை. அந்த ஒரு பாடத்தால் நான் ஒரு வருடம் பின்தங்கினேன். நீ முன்னால் போய் இடம் பிடித்து வை என்று நான்தான் உன்னிடம் சொன்னேன்.

ஃப்ரீசன் என் கட்டுரையைப் படித்தார். இரண்டாவது பத்தியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, இந்த வருடம் பல்கலைக்கழகம் போனவர்களைப் பற்றிக் கல்லூரி அச்சடித்த மலரை எடுத்து, ஐந்தாம் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். உன் புகைப்படம். பல் தெரியச் சிரிக்கிறாய். அதன் கீழே உன் கட்டுரை.

"நோஎமி, இத நீ ஏற்கெனவே படிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஆறுதலாகக் கேட்டார். "பயத்துல சில பேர் இப்படிப் பண்ணிடுவாங்க. இங்கேயே கிழிச்சுப் போட்டுடலாம், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா அங்க அனுப்பிடாத. பழைய வருஷக் கட்டுரையோட எல்லாத்தையும் மெஷின்ல போட்டு ஒத்துப் பாக்கறாங்க. மாட்டினா எல்லாக் கதவும் சாத்திடும்" என்றார்.

அவர் அறையில் நின்றபடியே நீ எழுதியதைப் படித்தேன். பதினொரு வயதுப் பெண். வயிற்று வலியோடு வந்த அம்மா. மொழிபெயர்க்க ஆள் வராத ஆஸ்பத்திரி. ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் என்ன சொல்றார் என்று அம்மா கேட்க, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்று அந்தப் பெண் ஸ்பானிஷில் சொல்கிறாள். வெளியே வந்ததும் அம்மா மிளகாய்த் தூள் தூவிய மாம்பழ ஐஸ் வாங்கித் தருகிறார். பிப்ரவரியில் அம்மா இறந்துபோகிறார். என் மஞ்சள் செருப்பைக்கூட நீ விடவில்லை, அராசெலி. வார் அறுந்து, அம்மா பின் குத்திக் கொடுத்த செருப்பு.

இதை உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அப்போது என் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. போன வருடம் நவம்பரில், பனி விலகட்டும் என்று கல்லூரி வாசலில் வண்டிக்குள் காத்திருந்தோமே, அன்றைக்கு. நீ மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அழுதாய். "எனக்கு எழுத என்னடி இருக்கு? அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க, மூணு வேளையும் சாப்பாடு கெடச்சுது. என் வாழ்க்கையப் படிச்சா அவங்களுக்குத் தூக்கம்தான் வரும்" என்றாய். உன் முறை வந்தால் நீ என்ன எழுதுவாய் என்று என்னைக் கேட்டாய். எழுதவே மாட்டேன், உனக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். முடித்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காச்சும் ஒரு கதை இருக்கு" என்றாய். ஆறுதல் சொல்லத் தெரியாமல் உளறுகிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஃப்ரீசனைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை உனக்கு ஃபோன் செய்தேன். நீ மறுக்கவில்லை. அழவும் இல்லை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், எழுதவே மாட்டேன்னு நீதான சொன்ன? சும்மாதான கெடந்துச்சு" என்றாய். அதற்குப் பிறகு நீ என் ஃபோனை எடுக்கவில்லை.

சும்மாதான் கிடந்தது. சரி. பதினொரு வருடமாக எனக்குள் சும்மா கிடந்தது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அங்கேதான் போனது. யாரோ முகம் தெரியாதவர்களிடமாவது ஒரு தடவை சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறும் என்று தோன்றியது. என்னை முந்திக்கொண்டு நீ சொல்லிவிட்டாய். உனக்கு ஆறியதா?

அன்றைக்கு நான் ஃப்ரீசனிடம் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அராசெலியின் அம்மா சாகவில்லை சார், ஷெட்டில் மூன்றாவது லைனில் நின்று பழம் பொறுக்குகிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். உன் இடம் அந்த வாரமே போயிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என் அம்மா ஒதிலியா போன பிறகு ஒரு வருடம் புதன்கிழமை தவறாமல் கோழிச் சூப்பு கொண்டுவந்தது உன் அம்மா. வகிடு எடுத்து எனக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது உன் அம்மா. நான் குனிந்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். உன் பாவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கட்டுரையை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கதவு வரை வந்து, "நீ நல்ல பொண்ணும்மா" என்று வேறு சொன்னார்.

மே மாதம் கல்லூரியில் உங்களுக்கெல்லாம் வழியனுப்பு விழா நடந்ததே, அதற்கு உன் அம்மா நீலக் கவுனை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். மாணவர்களுக்கு மட்டும்தான் அழைப்பு என்று நீ சொன்னாயாம். நானும் அதை நம்பினேன். மேடையில் எல்லாருடைய அம்மாக்களும் நின்றார்கள் என்பது மலரில் உள்ள படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செத்துப்போன அம்மாவை எப்படி அழைத்து வருவாய்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நவம்பர் ஒன்பது. மாதா கோவிலிலிருந்து நேராக உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த மலர். கூட வேலை செய்கிறவளின் மகன், உங்க பொண்ணு படம் வந்திருக்கு என்று கொடுத்தானாம். படத்தைப் பார்த்திருப்பான், உள்ளே படித்திருக்கமாட்டான். அப்பாவும் கூடத்தில்தான் இருந்தார்.

"கண்ணு, இதுல என் மக என்ன எழுதியிருக்கா? எனக்கு ஸ்பானிஷ்ல சொல்லு. மெதுவாச் சொல்லு, ஒரு வார்த்தை விடாத" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

புத்தகத்தை விரித்தேன். முதல் வரியிலேயே 'என் தாய் இறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன' என்று இருந்தது. அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "என் அம்மா விடியறதுக்கு முன்னாடியே எழுந்திருப்பாங்க" என்று ஆரம்பித்தேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பீச் பழத்தின் சுணை ஒட்டாமலிருக்க அவர் கழுத்தில் ஈரத் துண்டு சுற்றிக்கொள்வதைச் சொன்னேன். நீயும் நானும் சமையலறை மேசையில் கணக்குப் போடும்போது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமென்று சுவரில் சாய்ந்து நின்றே காவல் இருந்ததைச் சொன்னேன். நம் அல்ஜீப்ரா புத்தகத்தைத் தினமும் துடைத்து வைப்பாரே, அதைச் சொன்னேன். உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று ஷெட்டில் லைனை நிறுத்தச் சொல்லிக் கத்தி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியதையும் சொன்னேன். ஒரு வரி பொய் இல்லை. புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எழுத ஒன்றுமில்லை என்றாயே அராசெலி, நான் ஒன்றரைப் பக்கத்தை நிற்காமல் சொன்னேன்.

உன் அம்மா கைக்குட்டைக்குப் பதில் என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் அவ கவனிச்சிருக்காளா? வீட்ல மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாளே" என்றார். என் அப்பா தலையை ஆட்டி, "எழுதுனா இப்படி எழுதணும். நீ என்னம்மா எழுதப்போற?" என்று என்னைக் கேட்டார். ஒரு தாயிடம் நான் பொய்யாக மொழிபெயர்த்துச் சொன்னது இது இரண்டாவது முறை. முதல் தடவை எனக்கு விவரம் தெரியாது. இந்தத் தடவை அந்தச் சாக்கும் இல்லை.

போகும்போது சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்றார். மாட்டியும் விட்டார். கூடத்தில், குவாதலூப்பே மாதா படத்துக்குப் பக்கத்தில். ஆங்கிலம் தெரிந்த யாரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் யாராவது படித்து, அந்த மஞ்சள் செருப்பும் பிப்ரவரி மாதமும் யாருடையது என்று கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். ஆஸ்பத்திரி, மருத்துவர் சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும். அப்பா எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், திராட்சைக் கொடி வெட்டப் போகக் கிளம்பியவர், வாசலில் நின்று முதுகைக் காட்டியபடியே சொன்னார். "அன்னிக்கு அறுப்பு வேலைய விட்டுட்டு நான் கூடப் போயிருக்கணும். ஃபோர்மேன் லீவு கேட்டா மொறைப்பான்னு ஒரு குழந்தைய அனுப்பினேன். நீ கொல்லலம்மா. நான்தான்."

அதிலிருந்து அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் படிக்குப் போய்விடுகிறார். நான் சுமந்துகொண்டிருந்ததை ஐம்பத்தாறு வயதில் அவர் தலையில் ஏற்றிவிட்டேன். சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்தேனே தவிர, எங்கே போய் இறங்கும் என்று யோசிக்கவில்லை.

என் படிப்பு விஷயம். கடற்கரைப் பல்கலைக்கழகத்துக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. வேறு கட்டுரை எழுதச் சொல்லி ஃப்ரீசன் இரண்டு தடவை மின்னஞ்சல் போட்டார். உட்கார்ந்து பார்த்தேன். என் அம்மாவைத் தொடாமல் ஒரு பத்திகூட வரவில்லை, தொட்டால் திருடி ஆகிவிடுவேன். போன வாரம், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அங்கே கட்டுரை கிடையாது. மதிப்பெண் மட்டும் கேட்கிறார்கள். யார் செத்தார்கள், யார் அழுதார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெயர், பாடங்கள், கையெழுத்து, முடிந்தது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். அப்பாவைத் தனியாக விடவும் முடியாது. கதவில் இருந்த அட்டவணையைக் கிழித்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது.

உன்னை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டாம், அது உனக்காக இல்லை. உன் அறை ஜன்னலில் கடல் தெரிகிறது என்று உன் அம்மா தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரியட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினாறாம் தேதி, கிறிஸ்துமஸ் வரை வீடு வீடாகப் போகும் போசாதா ஊர்வலம் தொடங்குகிறது. முதல் நாள் உங்கள் வீட்டுக்குத்தான் உன் அம்மா எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். புதுப் பாதிரியாரும் வருகிறார். அவருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. என் மகள் எழுதினது, படிங்க ஃபாதர் என்று உன் அம்மா அவரைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போவார், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பரீட்சை முடித்துவிட்டு வா. கழற்றி ஒளித்து வைப்பாயோ, உட்கார வைத்து உள்ளதைச் சொல்வாயோ, அது உன் பாடு. ஆனால் நீ வந்து செய். அவர் கேட்டால் மூன்றாம் தடவை பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லவும் மனசு வராது.

பரீட்சையை நன்றாக எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் அம்மா நெடுங்காலம் நல்லபடியாக இருக்கட்டும். தினமும் இதற்காக வேண்டிக்கொள்கிறேன். நீயும் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
நோஎமி
(ஒதிலியாவின் மகள்)