புழு எங்கிருந்து வந்தது

செப். 9, செவ்வாய்

காற்றே இல்லை. புழுக்கம். காலை பஸ்ஸில் பாப்பாவுடன் பொன்னேரி. தம்பி குழந்தைக்கு வயிறு, முதுகு எல்லாம் தடிப்புத் தடிப்பாக. சொறிந்து சொறிந்து அழுகை. தூக்கிக்கொண்டு வந்தது அவள் அம்மா செல்வி. என் கையில் தீப்பெட்டி. அதற்குள் பாயில் பிடித்த புழு. அரிசி அளவு, பழுப்பு, உடம்பெல்லாம் ரோமம்.

டாக்டர் பார்த்தார். கடிக்காதாம். அந்த ரோமம் பட்டால்தான் தடிக்குமாம். கம்பளி, பட்டு, இறகு, கருவாடு, முடி என்று என்னவெல்லாம் தின்னும் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கருவாடு மட்டும் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் செல்வியின் அம்மா. பசியாவரத்திலிருந்து படகில் பேத்தியைப் பார்க்க. நண்டு கொண்டுவந்திருந்தார். அலமாரியில் அவர் போன மாதம் கொடுத்த இறால் கருவாட்டுப் பை. அதன் மேல் இரண்டு புழு. உள்ளே பிரித்துப் பார்க்கக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க வூட்டு எறால இருந்துதான் அத்தை இவ்ளோவும். கொழந்தை இருக்கிற வூடு இது."

"சுத்தமாத்தான்மா காய வெச்சேன். வலை போட்டு மூடித்தான்..."

"இன்னா மூடினீங்களோ."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்கே போய்விட்டார். சாப்பிடவில்லை. செல்வி நண்டைக் கழுவிக்கொண்டே அழுதாள். நான் பார்க்காததுபோல் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

செப். 10, புதன்

பாய், தலையணை வெயிலில். துணி எல்லாம் வெந்நீரில். வேப்பிலை. பாச்சா உருண்டை ஒரு பாக்கெட். இடுப்பு ஒடிந்தது.

சாயங்காலம் தொட்டில் கம்பில் மறுபடி ஒன்று. கருவாடுதான் போய்விட்டதே?

பிள்ளை பெற்றதிலிருந்து செல்விக்கு முடி கொட்டுகிறது. "வூடெல்லாம் முடி" என்று அதற்கும் ஒரு பாட்டு. என் வாய் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாபகம்: டீச்சர் பிளவுஸ், கொக்கி.

செப். 11, வியாழன்

கண்டுபிடித்தேன். எழுதவே கை கூசுகிறது.

பரண் மேல், தொட்டிலுக்கு நேர் மேலே, என் மஞ்சள் பை. சீவும்போது கழியும் முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்தது. முடிக்குப் பாத்திரம் தருகிற வண்டிக்காரர் வந்தால் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கலாம் என்று. இந்த வருஷம் அவர் வரவே இல்லை. பையைப் பிரித்தால் முடி நகர்கிறது. அத்தனை புழு. உரித்த தோல் தவிடுபோல.

பாதி முடி செல்வியுடையது. அவளைத் திட்டிவிட்டு அவள் முடியையே பொறுக்கிச் சேர்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நான் எப்படிப்பட்டவள் என்று.

பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, கொல்லையில் கூடையைக் கவிழ்த்து மூடினேன். செல்வி குளித்துவிட்டு வந்தாள். "இன்னா அண்ணி, வேர்த்து ஊத்துது?" ஒன்றுமில்லை என்றேன்.

செப். 12, வெள்ளி

கொளுத்தலாம் என்று பார்த்தேன். முடி கருகினால் தெருவே மூக்கைப் பிடிக்கும். சவுக்குத் தோப்பு ஓரம் புதைத்தேன். பரணைத் துடைத்தாயிற்று.

பாப்பாவுக்குத் தடிப்பு அடங்குகிறது. ராத்திரி தூங்கினாள். தம்பி காட்டுப்பள்ளி வேலைக்குக் கிளம்பும்போது, "பாத்தியாக்கா, கருவாடு போனதும் ஆறிடிச்சி" என்றான். தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

செல்வி: "எங்க அம்மா மேல கோவம் வெச்சிக்காதீங்க அண்ணி. தெரியாம குடுத்துட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

செப். 13, சனி

தூறல். பாவாடை மூன்று, ஒன்று திருப்பித் தைக்க வேண்டும். மனசு வேலையில் இல்லை.

செல்வி போனில் அம்மாவுடன், கிசுகிசுப்பாக. "வுடும்மா. அண்ணி அப்டித்தான். மனசுல ஒண்ணும் இல்ல."

மனசில் ஒன்றும் இல்லையாம்.

நாளை பசியாவரம் போகலாம் என்று நானே சொன்னேன். அவள் முகத்தில் என்ன சந்தோஷம்.

செப். 14, ஞாயிறு

படகில் நான், செல்வி, பாப்பா. லேசான காற்று.

சம்பந்தியம்மா வீடு முழுக்க வெளியே கிடந்தது. பாய், பெட்டி, முறம், சாமி படம்கூட. சுவருக்குச் சுண்ணாம்பு. மழை மாதங்களுக்கு என்று இறால் கருவாடு வைத்திருக்கும் பெரிய தகர டப்பா, கழுவிக் கவிழ்த்திருந்தது.

"எல்லாத்தையும் நேத்து சாயந்தரம் ஏரியில கொட்டிட்டேம்மா. எம் பேத்திக்கு ஆவாதத இன்னொருத்தருக்கு எப்டி விக்கிறது?"

இடுப்புத் தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவிப் பிடித்த இறால். அடுத்த மூன்று மாதச் சோறு அதுதான்.

சொன்னேன். என் பை, என் முடி, உங்கள் கருவாட்டில் ஒன்றும் இல்லை என்று. செல்வி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா அந்த டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்பம்மா பாத்த?"

"இன்னிக்குக் காலைல, அத்தை."

"அப்ப உம்மேல இன்னா தப்பு? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓடியாந்து சொல்லியிருக்க மாட்டியா" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

நண்டுக் குழம்பு. பெரிய கால் இரண்டும் என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன்.