நீல நூல் கட்டின ரோட்டார்

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்கும் பெரிய பைனலுக்கு நான் போகவில்லை. சம்பந்தியும் போகவில்லை. முப்பது பேரில் பத்துப் பேர்தான் அங்கே ஓட்டலாம். நான் போன வருஷம் இரண்டு தரம் போய்விட்டேன், அவர் மூன்று வருஷமாகப் பதினொன்று, பன்னிரண்டு என்று வாசற்படியிலேயே நிற்கிறார். காலிக் கிடங்கில் கம்பளம் விரித்து முழ நீளக் காரை ரேடியோவில் ஓட்டுகிற கிழட்டுக் குழந்தைகள் நாங்கள். இது வீட்டுக்காரி வைத்த பேர்.

வெளியே வரும்போது சம்பந்தி கேட்டார், எந்த ரோட்டார் போடலாம் என்று. மோட்டாருக்குள்ளே சுற்றுகிற காந்தம்தான் அது, சுண்டுவிரல் பருமன். தடித்தது வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பும், நேர்ப்பாதையில் மூச்சு வாங்கும். மெலிந்தது நேரில் பறக்கும், வளைவில் சோம்பேறி. எங்கள் வீட்டில் ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. எது யார் என்று எழுத மாட்டேன். இந்த நோட்டை அவள் படிப்பாள்.

மார்ச் 5, செவ்வாய்

சம்பந்தி கடைக்கே வந்துவிட்டார். நான் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். நிலம் அளக்கிற உத்தியோகம் அவருக்கு, உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக்கூட ஒரு பார்வை அளந்துவிட்டுத்தான் உட்காருவார்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். நாலு ரோட்டார். ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டிச் சில்லு தெறிக்காமல் இருக்க, வெட்டி மிஞ்சின ஃபோம் துண்டில் தனித்தனியாகப் பொதித்து, அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். நல்லதுக்குச் சிவப்பு. நீலம் கட்டினது அவிந்துபோனது. போன மாதம் பெரிய பினியனை, அதாவது மோட்டார் முனையில் மாட்டுகிற பல்சக்கரத்தை, மாட்டி ஓட்டி, கை வைத்தால் தோல் உரிகிற சூடு ஏற்றிவிட்டேன். காந்தம் அப்படி ஒரு தரம் வெந்தால் ஆறின பிறகும் பழைய பலம் வராது.

அவர் சரியாக அந்த நீலத்தைத் தொட்டு, இது என்ன என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு, "அது என் ராசி ரோட்டார். யாருக்கும் குடுக்கறதில்ல. சம்பந்தியாச்சேன்னு பாக்கறேன்" என்றேன்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். சிரிப்பை அடக்கினதில் எனக்கு விலா வலித்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு, சிவப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 8, வெள்ளி

சம்பந்தி போன் செய்தார். பழசைவிட வேகமாகச் சுற்றுகிறதாம், மீட்டரில் பார்த்தாராம். அவிந்த காந்தம் எப்படி வேகமாகச் சுற்றும்? மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவரிடம் கேட்டேன். பலம் போன காந்தம் சும்மா சுற்றும்போது அப்படித்தான் துள்ளும், ஆனால் பாரம் ஏற ஏறச் சூடு பிடித்துக் கவிழ்த்துவிடும் என்றார். என்னைப் பற்றியே சொல்கிற மாதிரி இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

சொல்லவில்லை. இன்றைக்குக் கம்பளம் மாற்றுகிற நாள், யாரும் ஓட்டவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார். டீ குடிக்கிற இடத்தில் பத்துப் பேரை நிற்க வைத்துச் சொல்கிறார்: "என் சம்பந்தி தன் ராசியையே கழட்டிக் குடுத்துட்டார். எங்க குடும்பத்துலகூட எனக்கு இப்படி யாரும் செஞ்சதில்ல." பந்தயம் நடத்துகிற விசில்காரர் என் முதுகில் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கிண்டலுக்கு ஒரு பதம் இருக்கிறது. அது தாண்டினால் அதற்கு வேறு பேர். இன்றைக்கு அது தாண்டின சத்தம் எனக்குக் கேட்டது.

தன்னுடைய பழைய ரோட்டாரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இனி எனக்கெதுக்கு என்று.

மார்ச் 13, புதன்

பெண் பேசினாள். "மாமா ரொம்ப சந்தோஷமா இருக்கார்ப்பா. கல்யாணத்துல நீ அவரைக் கலாய்ச்சதை இப்பத்தான் மறந்திருக்கார்" என்றாள். கல்யாணத்தில் அவர் நடையைப் பார்த்து, சம்பந்தி மண்டபத்தைக் காலாலேயே அளக்கிறார் என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் இந்தக் கார்தான் எங்களைச் சேர்த்து வைத்தது.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். இல்லை, நான்தான் வைத்தேன். ஏன் பொய் எழுதுகிறேன்?

மார்ச் 16, சனி

நாளைக்கு இந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் பழக்க ஓட்டம்தான். இதை விட்டால் பெரிய பைனல் அடுத்த வருஷம்தான்.

சிவப்பு நூல் ரோட்டாரைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். பையிலிருந்த தையல் ஊசியெல்லாம் அதில் ஒட்டி முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது, இரண்டு தரம் நெஞ்சில் குத்திவிட்டது. காலையில் போனதும் முதல் வேலை சொல்வது. மூன்று திருகுதான். பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் போனேன். அவர் எனக்கும் சேர்த்து மேசை பிடித்துத் துணி விரித்து வைத்திருந்தார். தகுதிச் சுற்று முடியட்டும் என்று நினைத்தேன்.

தகுதிச் சுற்று நாலு நிமிஷம். அந்தச் செத்த காந்தம் துள்ளிக்கொண்டு ஓடியது. சம்பந்தி எட்டாவது. பெரிய பைனலுக்குப் போய்விட்டார். பலகையில் தன் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றார்.

அப்புறம் ஒரு மணி நேரம் இருந்தது. அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பைனல் எட்டு நிமிஷம். நாலு நிமிஷம் தாங்கினது எட்டு தாங்காது. எனக்குத் தெரியும். பையில் நல்ல ரோட்டார் குத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் மனசு சொல்கிறது — அதை வைத்தே உள்ளே வந்துட்டார்ல, தாங்கினாலும் தாங்கும், இப்பப் போயி சொன்னா அந்த முகம் என்ன ஆகும்? டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் மூணு டீ. டீதான் கொடுத்தேன்.

ஐந்தாவது நிமிஷம் அவர் ஆறாம் இடம். ஆறாவது நிமிஷம் கார் நேர்ப்பாதையில் இழுக்காமல் திணறியது. அப்புறம் நின்றுவிட்டது. ஓரத்தில் நிற்கிறவர் தூக்கி வெளியே வைத்தார்.

அவர் மோட்டார் ஆறுகிறவரைக்கும் காத்திருந்து, நோட்டை எடுத்துப் பினியன் பல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒரு செண்டு நிலத்தில்கூடத் தப்பு விடாத மனுஷன், இல்லாத தப்பைத் தன் கணக்கில் தேடுகிறார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"பினியன் தப்பா போட்டுட்டேன் போல. உங்க ராசி ரோட்டாரை வேக வச்சுட்டேன். மன்னிச்சுடுங்க சம்பந்தி."

பரவாயில்ல விடுங்க என்றேன்.

மார்ச் 18, திங்கள்

நான் மன்னிச்சேன். நானு.

மார்ச் 19, செவ்வாய்

ஒரு சீட் உறையை உள்பக்கம் வெளியே வரத் தைத்துவிட்டேன். பிரித்தேன். திரும்பவும் அப்படியே தைத்தேன்.

மத்தியானம் வீட்டுக்காரி சோற்றைத் தட்டில் போடாமல் நின்றாள். நோட்டைப் படிச்சேன் என்றாள். "போயி சொல்லிட்டு வாங்க. வந்து சாப்பிடலாம்." அவ்வளவுதான்.

அவர் ஆபீஸ் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். நீல நூல் எதுக்கு என்பதிலிருந்து சிவப்பு நூல் பையிலேயே இருந்தது வரைக்கும். கணக்குல உங்க தப்பு ஒண்ணும் இல்ல என்று இரண்டு தரம் சொன்னேன். நடுவில் பழக்கதோஷத்தில் சிரித்து வேறு வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"பைனலுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருந்துச்சே?"

முதல் நாள் கிண்டலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதற்கு என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. வேலை இருக்கு என்று உள்ளே போய்விட்டார்.

வந்து சாப்பிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

பெண் பேசினாள். "என்னப்பா பண்ணி வச்ச? மாமா கார் பெட்டியைப் பரண்ல ஏத்திட்டார்."

மார்ச் 24, ஞாயிறு

அவர் வரவில்லை. நான் போனேன், ஓட்டவில்லை. எல்லார் முன்னாலும் விசில்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சம்பந்தி பினியன் கணக்கு தெரியாதவர் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, அதனால்தான். இந்தத் தரம் யாரும் முதுகில் தட்டவில்லை. ஒருத்தர் மட்டும், உன்னை நம்பி எப்படிய்யா சீட்ல உக்கார்றாங்க என்றார். வேறு நாளாக இருந்தால் அவரை மூன்று தெரு ஓட விட்டிருப்பேன்.

மார்ச் 31, ஞாயிறு

சம்பந்தி வந்தார். என் மேசைக்கு வரவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் தனியாகப் பெட்டியைத் திறந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் என் காரையே துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அரை மணி கழித்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதிதாக வாங்கின, உறை பிரிக்காத இரண்டு ரோட்டாரை மேசையில் வைத்தார், ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது.

"எது போடலாம்?"

வாய்க்குள் மூன்று கிண்டல் வரிசையாக வந்து நின்றன. மூன்றும் நல்ல கிண்டல். முழுங்கினேன்.

"தெரியல சம்பந்தி. ரெண்டையும் ஓட்டித்தான் பாக்கணும்."

என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்க்கிற பார்வை. அப்புறம் மோட்டாரை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே மாட்டுங்க. நான் பாத்துட்டு இருப்பேன்."

கழற்றினேன். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. இருபத்தாறு வருஷம் ஊசி பிடித்த கை, ஒரு திருகைக் கீழே போட்டுவிட்டது. இரண்டு பேரும் கம்பளத்தில் முட்டி போட்டுத் தேடினோம். அவர்தான் கண்டெடுத்தார்.