அண்ணன் குட்டியின் செல்கள்

நைனாவுக்கு வணக்கம். மூட்டு வலி தேவலையா? துபாயில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை பார்க்கும் பண்ணையில் நோயை எதிர்க்கும் சக்தியே இல்லாமல் ஒரு குதிரைக்குட்டி பிறந்தது. இங்கே நான் பேசிக்கொண்டிருந்தது அதனிடம்தான். அதன் அண்ணன் குட்டியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஏற்றினார்கள். காப்பாற்ற வந்த செல்களே அதன் தோலையும் குடலையும் தாக்கின. நேற்று செத்துப்போனது.

வினிதாவுக்குத் துணை என்று அரசு அண்ணனைக் கோவளத்தில் என் வீட்டில் குடிவைத்தது நீங்கள். "இன்னும் இன்னாத்துக்கு இங்க கீற? உங்கம்மா வூட்டுக்குப் போ" என்று என் மனைவியையே விரட்டுகிறானாம். நீங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். அவனை வெளியே அனுப்புங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். பொட்டலத்தை வினிதா கட்டட்டும். அவள் போடும் முடிச்சு எனக்குத் தெரியும். வேறு முடிச்சைப் பார்த்தால் வாசலில் வந்து நிற்பேன்.

தீனா